பேர் விழுந்த கணக்கு

பதுளை, பசறை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலை செக்ரோலில் சம்பளத்துக்குரியதாகப் பதியப்படுவதுதான் அங்கே பேர். முழுநாள் கணக்குக்கு ஒரு பேர். குறித்த அளவு கொழுந்து சேராவிட்டால் அரைப்பேர். மாத முடிவில் "உனக்கு எத்தனை பேர்?" என்று ஒரு பெண்ணைக் கேட்டால், அவள் தன் பிள்ளைகளை எண்ணமாட்டாள்; நாட்களையே எண்ணுவாள்.

அண்மையில் நண்பர் ஒருவர், பெருந்தோட்டங்களுக்கென விற்கப்படும் முகாமைத்துவ மென்பொருளொன்றின் புதிய பதிப்பைப் பற்றிய விளக்கத் தாளை அனுப்பியிருந்தார். மின்தராசில் விழும் எடை, கையால் எழுதப்படாமலே சம்பளக் கணக்கில் ஏறிவிடுமாம். வேலைக்கு வந்தோரை விரல்ரேகை பதிவு செய்யும். எந்த மலையில் எவ்வளவு செலவு என்பதைத் துரை தம் அறையிலிருந்தே காணலாம். ஒரே ஆள் இருமுறை பதியப்பட்டிருந்தால், அதைக் கண்டுபிடித்து ஒன்றாக்கிவிடும். 'புதிய வசதிகள்' என்பது தலைப்பு. எனக்கு வியப்பு ஏற்படவில்லை. தோட்டக் கணக்கில் புதிய வசதி புகுவது இது முதன்முறையன்று. ஒவ்வொரு முறையும் அது யாருக்கு வசதி என்று கேட்பது பத்திரிகைக்காரனின் பழக்கதோஷம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது தகர டிக்கெட். தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொருவருக்கும், தோட்டத்தின் குறியீடும் ஆளின் இலக்கமும் பொறித்த சிறு தகரத் துண்டொன்று தரப்பட்டது. அதைக் கொண்டே அவர்களின் பயணம் நடந்தது. செலவு அந்தந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. பதுளைக்கு ரயில் 1924இல்தான் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் தண்டவாளம் முடிந்த இடத்தில் இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தே கடந்தார்கள். இன்று ஊழியர் இலக்கம் என்று கணினி கேட்பதன் பாட்டன் அந்தத் தகரம்.

அதனோடு கூட இருந்தது துண்டு. ஒரு கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு கடனைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவர் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அடுத்த தோட்டத்துத் துரை அத்தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொண்டார். ஆள் மாறினாலும் கடன் மாறவில்லை. கூடவே நடந்து வந்தது. தமக்கு எவ்வளவு கடன் என்பது பெரும்பாலோருக்குக் கங்காணி சொல்லித்தான் தெரியும். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கணக்கைப் பார்க்கும் வழியை அது தொழிலாளிக்குத் திறந்துவிட்டதா என்பது வேறு கேள்வி.

செக்ரோலையே எடுத்துக்கொள்வோம். வரவில் பேர். பற்றில் அரிசி, முற்பணம், தேயிலைத்தூள், சலவைத் தொழிலாளி, முடி திருத்துபவர், கோயில். பிற்காலத்தில் தொழிற்சங்கச் சந்தா. வேலைக்கு இறங்கிய பேர் ஒவ்வொன்றுக்கும் இத்தனை சதம் எனக் கங்காணிக்குத் தலைக்காசு. மலையில் எழுதியவர் கணக்கப்பிள்ளை, கந்தோரில் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் கிளாக்கர், கையெழுத்திட்டவர் துரை. உழைத்தவருக்கு அந்த ஏட்டில் வரி இருந்தது; அதை வாசிக்கும் இடம் இருக்கவில்லை.

பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தம் இங்கே நினைவுக்கு வருகிறது. லங்கா சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கம் வழிநடத்திய போராட்டம் அது. தொழிலாளர் தமக்குள் தேர்ந்தெடுத்து ஒரு சபை அமைத்தனர். அதைக் கலந்தே நடப்பதாகத் துரை இணங்கினார். அது நீடிக்கவில்லை. ஆயினும், மேலிருந்து கீழே மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண், ஊவாவில் ஒருமுறையேனும் கீழிருந்து மேலே பார்த்தது.

வணிகக் கணக்குக்குக் கணினியை முதன்முதலில் அமர்த்தியது ஒரு தேநீர்க் கம்பனி என்பது பலருக்குத் தெரியாது. தேநீர்க்கடைகள் நடத்திவந்த லண்டன் லயன்ஸ் கம்பனி, லியோ என்ற கணினியைத் தானே உருவாக்கி, 1951ஆம் ஆண்டு நவம்பரில் தன் பேக்கரிக் கணக்கை அதில் ஓட்டியது. சில ஆண்டுகளில் ஊழியர் சம்பளமும் அதில் ஏறியது. (லயன்ஸுக்கும் நம் லயத்துக்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே.)

அதே ஆண்டுகளில் ஊவாவின் லயங்களில் ஓடிக்கொண்டிருந்தது வேறு கணக்கு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, குடியுரிமை வேண்டுவோர் இத்தனை ஆண்டுகள் இடைவிடாமல் இங்கு வாழ்ந்ததை நிரூபிக்கும்படி கேட்டது. தலைமுறையாகக் கொழுந்து பறித்தவருக்கு ஏது பத்திரம்? தோட்டத்துப் பதிவேடுதான் பலருக்கிருந்த எழுத்துச் சான்று. அதுவரை கூலியைத் தீர்மானித்த ஏட்டின் நிழல், குடியுரிமை மீதும் விழுந்தது. விண்ணப்பித்தவரில் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். 1964, 1974 ஒப்பந்தங்களையும் கடந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அந்தக் கதை சட்டரீதியாக முடிவுக்கு வந்தது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. கந்தோர்களுக்குக் கணினி வந்தது, பின்னர் மலைக்கு மின்தராசு. மின்தராசை நான் பழிக்கமாட்டேன். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் கிலோக் கணக்கில் கழிப்பது தோட்டங்களின் நெடுநாள் வழக்காறு, நெடுநாள் வயிற்றெரிச்சலும்கூட. சரியான தராசு அதைத் தடுக்கலாம். ஆனால் அந்தக் கழிவையே முன்கூட்டிக் கணக்கில் நிரந்தரமாகப் பொருத்திவிட்டால், தட்டிக்கேட்கக் கணக்கப்பிள்ளைகூட எதிரில் இருக்கமாட்டார். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வெளிவந்தபின், பறிக்கவேண்டிய அளவு கூட்டப்பட்டது, சேராதவருக்கு அரைப்பேர் விழுந்தது என்ற முறைப்பாடுகள் பல தோட்டங்களிலிருந்து எழுந்தன. ஒரு கிலோ அங்கே அரைநாள் கூலி.

விளக்கத் தாளில் எனக்கு அதிகம் உறுத்தியது, இரட்டைப் பதிவை ஒன்றாக்கும் வசதி. ஒரே மலையில் மூன்று லெட்சுமிகள் இருப்பார்கள். ஒரே லெட்சுமி, செக்ரோலில் லெச்சுமியாகவும், அடையாள அட்டையில் லட்சுமியாகவும், ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது எழுத்துக்கூட்டலிலும் இருப்பாள். ஆங்கிலத்தில் எழுதிய கிளாக்கருக்கு அது ஒரு நிமிட வேலை. ஓய்வுபெற்றபின் தன் சொந்தப் பணத்தைக் கேட்கப் போகும் அவளுக்கோ அது சத்தியக் கடதாசி, பஸ் கட்டணம், தொழில் திணைக்கள வாசலில் காத்திருப்பு. அந்த நிதிக்கான சட்டம் 1958ஆம் ஆண்டினது. எழுத்துப்பிழைகளுக்கும் ஏறக்குறைய அதே வயது.

ஆகவே நண்பருக்குப் பதில் எழுதினேன். ஒரு லெட்சுமியின் மூன்று பெயர்களை ஒன்றாக்குமா, மூன்று லெட்சுமிகளை ஒருத்தியாக்கிவிடுமா என்று விற்பனையாளரிடம் விசாரிக்கும்படி கேட்டிருக்கிறேன். சம்பளச் சீட்டைத் தமிழில் அச்சிட முடியுமா என்பதையும் கூடவே.