இரட்டைக் கரு: நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

கருப்பையில் இரு குழந்தைகள் வளர்வது ஸ்கேன் பரிசோதனையில் தெரியவந்தால், மருத்துவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது: நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

தனித்தனி நஞ்சுக்கொடி இருப்பின் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. ஒன்றையே இருவரும் பகிர்ந்துகொள்வதாயின் கண்காணிப்பு முறையே வேறுபடும். இவ்வேறுபாடு 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் மிகத் தெளிவாகத் தெரியும். நாள் கடந்தால், குழந்தைகளைப் பிரிக்கும் சவ்வு மெலிந்து, அருகருகே அமைந்த இரு நஞ்சுக்கொடிகள் ஒன்றெனத் தோன்றக்கூடும். எனவே அறிக்கையில் 'இரட்டைக் கரு' என்று மட்டும் இருந்தால் போதாது. நஞ்சுக்கொடியின் எண்ணிக்கையையும் குறிப்பிடுமாறு தயங்காமல் கேளுங்கள்.

நஞ்சுக்கொடி ஒன்றாக இருக்கும்போது இரு குழந்தைகளின் இரத்தக் குழாய்களும் அதனுள் இணைந்திருக்கும். பெரும்பாலும் இதனால் தீங்கில்லை. ஆயினும் இத்தகைய கர்ப்பங்களில் 10 முதல் 15 சதவீதத்தில் இரத்தம் ஒரு குழந்தையிடமிருந்து மற்றதற்கு ஒருபக்கமாகப் பாயத் தொடங்குகிறது. இரத்தம் இழக்கும் குழந்தையின் பனிக்குட நீர் வற்றும். பெறும் குழந்தையைச் சுற்றி நீர் மிகுந்து, அதன் இதயம் தளரும். கடுமையான நிலையில் சிகிச்சையின்றி விட்டால் இரு குழந்தைகளையுமே இழக்க நேரிடலாம். உரிய காலத்தில் கண்டறிந்தால், இணைப்புக் குழாய்களை லேசர் கொண்டு அடைக்கும் சிகிச்சை சிறப்பு மையங்களில் உண்டு.

தொடக்கத்தில் தாய்க்கு எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். 16ஆம் வாரம் முதல் இரு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்வது இதனால்தான். சென்ற முறை நன்றாக இருந்தது என்பதற்காக அடுத்ததைத் தவிர்க்காதீர்கள். தனித்தனி நஞ்சுக்கொடி உடையோருக்குப் பொதுவாக நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போதுமானது.

வயிறு சில நாட்களிலேயே திடீரெனப் பெருத்து இறுகுதல், மூச்சுத் திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல், இரத்தக் கசிவு, நீர்க்கசிவு, குழந்தைகளின் அசைவு குறைதல், விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் 108 ஊர்தியை அழையுங்கள். இரட்டைக் கருவில் இரத்தசோகையும் உயர் இரத்த அழுத்தமும் மிகுதி. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். இருவருக்காக இருமடங்கு உண்ண வேண்டியதில்லை.

வேறு சிக்கல் இல்லையெனில், தனித்தனி நஞ்சுக்கொடி உடையோருக்கு 37ஆம் வாரத்திலும், ஒரே நஞ்சுக்கொடியும் தனித்தனிப் பனிக்குடமும் உடையோருக்கு 36ஆம் வாரத்திலும் பொதுவாக மகப்பேறு திட்டமிடப்படும். பனிக்குடமும் ஒன்றே எனில் 32 முதல் 34 வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும். இரட்டையர் பலர் குறித்த நாளுக்கு முன்பே பிறந்துவிடுவதால், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வளைகாப்பிற்குப் பின் தாய்வீடு செல்வதாயின், எல்லா ஸ்கேன் அறிக்கைகளையும் உடன் எடுத்துச் சென்று, அடுத்த ஸ்கேன் நாள் தவறுவதற்குள் அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள்.