முத்துக்குளித்த குலமும் முழந்தாள் நீர்ப் பவளப்பாரும்

ஒரு குலத்தார் தம் முன்னோர் செய்த தொழிலை விட்டு விலகுதல் உலகியற்கை. ஆனால் அத்தொழிலால் வந்த அறிவையும் உடன் விட்டுவிடுதல் பேதைமையாகும். நம் சங்கத்து அன்பர் சிலர், “முத்துக்குளிப்பு நின்று போயிற்று, பிள்ளைகள் பள்ளிக்கும் உத்தியோகத்திற்கும் செல்கின்றனர், இனி அவர்களுக்குக் கடலில் மூழ்கத் தெரிந்து ஆவதென்ன?” என்று வினவுகின்றனர். வேறு சிலர், பட்டணத்தார் முகத்திற் கண்ணாடி கட்டி, வாயிற் குழாய் கவ்வி, ஆழமில்லாத நீரிற் குப்புற மிதந்து பவளம் பார்ப்பதைக் கண்டு, “இஃது அந்நிய நாட்டார் விளையாட்டு” என்று நகைக்கின்றனர். இவ்விரு திறத்தாருக்கும் விடையாகவே இச்சிறு கட்டுரையை வரையத் துணிந்தோம்.

முதலில் பழமையை நோக்குவோம். கொற்கை முத்தின் புகழ் சங்க நூல்களால் விளங்கும். கிறிஸ்து பிறந்த முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய செங்கடற் பயண நூலும் கொற்கை முத்துக்குளிப்பைக் கூறுகின்றது. ஆயின் அங்கே குளித்தவர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் அந்நூல் சொல்கின்றது. இக்குறிப்பு நமக்கு உவப்பன்று. எனினும் சரித்திரம் எழுதப் புகுந்தோர் உவந்ததை மட்டும் எடுத்து, உவவாததை மறைத்தல் தகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, வணிகர் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுத்தனர் என்று எழுதியுள்ளார். அம்மந்திரவாதிகளையே நம் முன்னோர் கடற்கட்டி என்று அழைத்தனர். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளிப்போனுடைய அச்சத்தைக் கட்டியது என்பதில் ஐயமில்லை.

1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் நம் பரதகுலத்தார் பெருந்தொகையினராய்க் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவிப் போர்த்துக்கீசியரின் காவலைப் பெற்றதும், 1542இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்ததும், 1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமானதும் நம் குடும்பங்கள் யாவும் அறிந்தவை. ஆட்சி மாறிய போதெல்லாம் முத்துச் சிலாபத்தின் வருமானம் எவர்க்கு என்பதே முதல் வழக்காய் இருந்தது. மூழ்கியவன் மூச்சு மட்டும் எந்த ஆட்சியிலும் அவனுடையதாகவே இருந்தது.

அவன் மூழ்கிய முறையைக் கூறுவோம். படகினின்று தொங்கும் கயிற்றில் கனத்த கல் ஒன்று கட்டப்பட்டிருக்கும். குளியாள் அதில் காலைப் பதித்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கல்லின் பாரத்தால் ஐந்து முதல் பத்துப் பாகம் வரை விரைந்து இறங்குவான். பாரில் கிடக்கும் சிப்பிகளை வலைக்கூடையில் வாரியிட்டு, ஒரு நிமிஷம் ஆகும் முன்னோ சற்றுப் பின்னோ கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் இழுத்துவிடுவான். கீழிருப்போன் உயிர் மேலிருப்போன் கையில் இருந்தது. ஆகையால் கயிறு பிடிக்க உற்றவனையும் உறவினனையுமே அமர்த்துதல் இயல்பு.

இத்துணைத் திறமும் ஒரே நாளில் வந்ததன்று. கடற்கரைப் பிள்ளைகள் முதலிற் கற்றது முழந்தாள் நீரிலும் இடுப்பளவு நீரிலுமேயாம். இங்கே ஒரு வேற்றுமையை அன்பர்கள் அறிதல் வேண்டும். தொலாயிரம் பார் முதலிய முத்துப்பார்கள் கரைக்குத் தொலைவில் ஆழத்தில் உள்ளவை. பவளப்பார்களோ தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள தீவுகளைச் சூழ்ந்து, பல இடங்களில் ஓர் ஆள் உயரத்திற்கும் குறைந்த நீரிலேயே வளர்ந்துள்ளன. முன்னது தொழிற்சாலை, பின்னதைத் திண்ணைப் பள்ளிக்கூடம் என்னலாம்.

தொழிற்சாலை மூடிய கதையையும் சுருங்கச் சொல்வோம். 1905இல் இலங்கைக் கரையில் நிகழ்ந்த சிலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதன் பின் ஈராண்டிலே அக்கரைப் பார்கள் வறண்டு, பல்லாண்டு வெறுமையாய்க் கிடந்தன. நம் தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் சிலாபம் நடந்தது, அதுவே இறுதியாயிற்று. சங்கு குளிப்போர் மட்டும் தொடர்ந்தனர். பிற்காலத்தில் அவர்களுட் பலர் படகிலுள்ள யந்திரத்தினின்று குழாய் வழியே காற்றை இழுத்து நெடுநேரம் ஆழத்தில் தங்கலாயினர். அழுத்தத்திற் சுவாசித்த காற்று உடலில் ஊறிவிடும், விரைந்து மேலேறினால் அது குருதியில் குமிழியாகிக் கைகால்களை முடக்கும், உயிரையும் கொள்ளும். ஒற்றை மூச்சிற் குளித்த பாட்டன்மார்க்குப் பெரிதும் வராத இந்நோய், கருவி பெருகி அறிவு பெருகாமையால் பேரன்மார்க்கு வந்தது.

இனி நம் குற்றத்தையும் கூறியாகவேண்டும். பவளம் கல்லன்று, கண்ணுக்குச் சிறிதாய்த் தோன்றும் எண்ணிறந்த உயிர்கள் தம் உடலைச் சுற்றிச் சுண்ணத்தால் கட்டிய வீடு. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு சமைத்து அவற்றிற்கு ஊட்டுகின்றது. அதனாலேயே பவளம் தெளிந்த ஆழமற்ற நீரை நாடுகின்றது. உருண்டைப் பவளம் ஆண்டிற்கு ஏறக்குறைய ஒரு விரற்கடைக்கும் குறைவாகவே வளரும். அத்தகையதை நாம் கடப்பாரையால் பெயர்த்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினோம், ஆலைகளுக்கும் விற்றோம். இதைச் செய்தவர் அனைவரும் அயலார் அல்லர். நம்முள்ளும் பலர் கூலிக்கும் ஆதாயத்திற்கும் இதிற் கலந்திருந்தனர். பசியால் செய்தார் என்பது மன்னிக்கத்தகும் காரணம், மறத்தற்குரிய காரணமன்று. 1986இல் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருள் அமிழ்ந்தன. அலையைத் தடுத்த மதிலை நாமே இடித்தோம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? இப்போது கடலும் வெம்மையுறுகின்றது. நீர் அளவு மீறிச் சூடேறும்போது பவளம் தன் பாசியை இழந்து வெளுக்கும். சூடு நீடித்தால் மாளும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இக்கேடு இங்கே நேர்ந்தது.

இவற்றையெல்லாம் ஏட்டில் எழுதினால் நம் பிள்ளைகள் படித்து மறப்பர். ஒருமுறை கண்ணாற் கண்டால் மறவார். ஆதலாலேயே பட்டணத்தார் விளையாட்டென்று நகைக்கப்படும் அக்கண்ணாடியையும் குழாயையும் நாம் பரிந்துரைக்கின்றோம்.

அவற்றின் இயல்பு எளிது. நீர் விழியை நேரே தொடுமாயின் பார்வை கலங்கும். இடையே காற்று நின்றால் தெளியும். முகக்கண்ணாடி செய்வது இவ்வளவே. அதனூடே நான்கு முழத்தில் உள்ள பொருள் மூன்று முழத்தில் உள்ளதுபோலத் தோன்றும்; ஆதலின் கைநீட்டி எட்டாமற் போனால் வியக்கவேண்டா. குழாய் ஒரு முழத்திற்கும் குறைந்தே இருக்கும். நீளமாக்கினால் விட்ட மூச்சே குழாயில் தங்கித் திரும்ப வரும். ஆழத்து நீரும் மார்பை அழுத்தி மூச்சு வாங்க ஒட்டாது.

புதிதாகப் பயில்வோர் முதலில் மணல் தரையுள்ள இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை மட்டும் தாழ்த்தி, வாயால் மெல்ல மூச்சுவிட்டுப் பழகுக. கண்ணாடி மங்கினால் உட்புறத்தில் உமிழ்நீர் தடவிக் கழுவுக. குழாயில் நீர் புகுந்தால் அஞ்சாது பலமாக ஊதுக, நீர் வெளியேறும். பின்னர் மிதவைச் சட்டை அணிந்து, அறிந்தார் ஒருவர் அருகிருக்க, கைகளை அசையாது வைத்துக் கால்களை மெல்ல அடித்து மிதக்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார்க்கடல் கொந்தளித்துக் கலங்கியிருக்கும்; நீர் தெளிந்து அடங்கியிருக்கும் காலத்தையே தெரிந்துகொள்க. பலமுறை வேகமாய் மூச்சு வாங்கிவிட்டு மூழ்குதல் கூடவே கூடாது; அது நீருள் அறிவு மயங்கச் செய்து உயிரைக் கொள்ளும். பவளத்தின்மேல் நிற்றலும், அதனைத் தொடுதலும், ஒரு துண்டேனும் எடுத்தலும் தகா. பூங்கா எல்லைக்குள் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லுதல் குற்றமாகும்.

இவ்வளவும் காத்து மிதப்பவனுக்குக் கிடைக்கும் காட்சி சிறிதன்று. கலைமான் கொம்புபோற் கிளைத்த பவளத்தினிடையே சிறுமீன்கள் ஒருங்கே ஒளிந்து ஒருங்கே வெளிப்படும். கிளிமீன் பவளத்தைக் கறண்டும் ஓசை காதில் விழும். அதன் அருகிலேயே உடைபட்ட பழம்பவளமும் வெளுத்த பவளமும் கிடக்கும். பிள்ளைகள் இரண்டையும் காணுதல் வேண்டும். முன்னது நாம் பெற்றது, பின்னது நாம் செய்தது.

ஆகவே நம் சங்கத்தார்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் இது. விடுமுறை நாட்களில் நம் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் நீச்சலும், அதன்பின் இம்மிதவைப் பயிற்சியும் முறையாகக் கற்பிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். நம்மிடையே எஞ்சியுள்ள முதிய குளியாட்களை அதற்கு ஆசான்மாராய் அழைத்து, உரிய மரியாதையும் ஊதியமும் அளித்தல் வேண்டும். காற்றும் நீரோட்டமும் அவர்கள் அறிந்தவாறு எந்நூலும் அறியாது. அவர்கள் மறைந்தால் அவ்வறிவும் உடன் மறையும்.

முத்து நமக்கு மீளாதிருக்கலாம். முத்தெடுக்க இறங்கிய நெஞ்சுரமும், கயிறு பிடித்தவன்மேல் வைத்த நம்பிக்கையும் மீளலாம். அன்று நம் முன்னோர் கடலிடம் எடுத்துக்கொள்ள மூழ்கினர். நம் பிள்ளைகள் காத்துக்கொடுக்க மூழ்குவாராக. இறையருள் துணை நிற்க.