அலுப்படிக்கிற முதல் அத்தியாயம்



போன சனிக்கிழமை மகனோடு இருந்து 'ஸ்டார் வோர்ஸ்: த பாண்டம் மெனஸ்' படத்தைத் திரும்பப் பார்த்தேன். அரை மணித்தியாலம் போகவில்லை. "வாப்பா, இதென்ன ஒரே வரியும் கூட்டமும் வாக்கெடுப்பும்? சண்டை எப்ப வரும்?" என்று கேட்டான்.

1999இல் உலகமே கேட்ட கேள்வி அது. வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோர்ஜ் லூகாஸ் 1977இல் தொடங்கிய விண்வெளிக் கதை 'ஸ்டார் வோர்ஸ்'. 1980இலும் 1983 மே மாதத்திலும் அடுத்த இரண்டு படங்கள் வந்தன. கொடிய பேரரசு ஒன்று, கறுப்பு முகமூடி போட்ட டார்த் வேடர், எதிர்த்து நிற்கும் சிறு கூட்டம். கடைசியில் பேரரசு விழுகிறது. அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பதினாறு வருடங்கள் கழித்து, 1999 மே 19இல், லூகாஸ் முன்கதையோடு வந்தார். முன்னோட்டத்தைப் பார்ப்பதற்காகவே வேறு படத்துக்கு டிக்கெட் எடுத்துப் போனவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். வசூல் 90 கோடி டொலரைத் தாண்டியது. ஆனால் ரசிகர்கள் முகம் தொங்கித்தான் வெளியே வந்தார்கள்.

அவர்களுடைய குறை நியாயமானதுதான். நடிப்பு மரக்கட்டை மாதிரி. ஜார் ஜார் என்ற கோமாளி சிரிப்பூட்டுவதை விட எரிச்சலூட்டுவதே அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, படம் வாள் சண்டையோடு தொடங்கவில்லை. வர்த்தகப் பாதைகளின் வரி பற்றிய தகராறோடு தொடங்குகிறது. அந்தத் தகராற்றில் ஒரு வர்த்தகக் கூட்டமைப்பு, நபூ என்ற சின்னக் கிரகத்துக்குப் பொருட்கள் போகாமல் கப்பல்களால் முற்றுகையிடுகிறது. "இதெல்லாம் ஒரு கதையா?" என்று விமர்சகர்கள் சிரித்தார்கள்.

2000ஆம் ஆண்டளவில் புத்தளத்தில் ஒரு நண்பன் வீட்டில் வீசிடியில் பார்த்தபோது நானும்தான் சிரித்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

பொருட்களை மறித்தால் ஒரு ஊருக்கு என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி, பெற்றோல், சீமெந்து, பசளை எல்லாம் தடை. ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று எனக்குச் சக ஆசிரியர்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டதையும், சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்ததையும் ஓய்வறையில் சொல்லிச் சிரிப்பார்கள். நபூவின் கதை அவர்களுக்கு அலுக்காது.

ஆனால் படத்தின் உண்மையான பாடம் முற்றுகை அல்ல. அதற்குப் பிறகு நடப்பதுதான்.

பதினான்கு வயது அரசி அமிடாலா தன் மக்களைக் காப்பாற்றச் சொல்லிக் குடியரசின் செனட் சபைக்குப் போகிறாள். சபை இழுத்தடிக்கிறது. அவளுடைய கிரகத்தின் பிரதிநிதி பல்பட்டீன், தலைவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தால் எல்லாம் சரிவரும் என்று காதுக்குள் சொல்கிறான். அவளும் நல்ல மனதோடு கொண்டுவருகிறாள். தலைவர் பதவி கடைசியில் பல்பட்டீனிடமே போய்ச் சேருகிறது. அடுத்த படத்தில் அவனுக்கு அவசரகால அதிகாரம் கொடுக்கும் பிரேரணையைச் சபையில் முன்வைப்பவன் யார் தெரியுமா? எல்லோரும் வெறுத்த அதே கோமாளி, ஜார் ஜார். மூன்றாவது படத்தில் குடியரசு பேரரசாக மாறும்போது சபை எழுந்து கைதட்டுகிறது. ஒருவரும் வெளியில் இருந்து வந்து பிடுங்கவில்லை. பயத்தில், நல்லெண்ணத்தில், வாக்குப் போட்டுத் தாங்களே கொடுத்தார்கள். 1933 மார்ச்சில் ஜெர்மன் பாராளுமன்றம் ஹிட்லருக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கொடுத்ததும் வாக்கெடுப்பில்தான்.

எங்கள் நாட்டிலும் 1979 ஜூலையில் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் முழுப் பெயரில் அடைப்புக்குறிக்குள் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கும். மூன்று வருடத்துக்கு என்றார்கள். 1982இல் திருத்தம் கொண்டுவந்து அந்த எல்லையை எடுத்துவிட்டார்கள். பெயரில் மட்டும் 'தற்காலிகம்' மிஞ்சியது. முதலில் தமிழ் இளைஞர்கள் மீது பாய்ந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம்கள் பலர் அதே சட்டத்தில் உள்ளே போனார்கள். 2022இல் தெற்கின் மாணவர் தலைவர்களையும் அதே சட்டத்தில் பிடித்தார்கள். அடுத்தவனுக்குத்தானே என்று விட்டது எல்லோருடைய வாசலுக்கும் வந்தது.

பரீட்சையில் 1983 ஜூலை பற்றிக் கேட்டால் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். 1979 பற்றிக் கேட்டால் பேனா நின்றுவிடும்.

இவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. சங்கிலியன் சிலையடியால் தினமும் போகிறோம். 1619இல் போர்த்துக்கீசர் நல்லூரைப் பிடித்தார்கள், சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் 1591? அந்த வருடமே போர்த்துக்கீசப் படை இங்கு வந்து மன்னனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனைத் தங்களுக்குக் கட்டுப்பட்ட அரசனாக அமர்த்தியது. அதற்குப் பிறகு 28 வருடங்கள் நல்லூரில் அரசன் இருந்தான், அரண்மனை இருந்தது, கடிவாளம் மட்டும் வேறு கையில். இராச்சியம் விழுந்தது 1619இல் என்றாலும், அது சரியத் தொடங்கியது 1591இல்.

கடைசியாக ஒன்று. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். சின்னப் பையனாக நானும் அந்தக் கூட்டத்தில் நடந்தேன். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமமே இடம்பெயர்ந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு முதலாவது ஒக்டோபர் 30 தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாவது தெரியும். அந்த நாட்களுக்கு முந்திய வருடங்களில் யார் எதற்குத் தலையாட்டினோம், எதைக் கண்டும் காணாமல் விட்டோம் என்பது இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் தெரியாது. அதைச் சொல்ல எங்களுக்கும் விருப்பமில்லை. அழுகிற காட்சியைச் சொல்வது லேசு. அதற்கு முந்திய அத்தியாயத்தில் நாமும் பாத்திரங்கள்.

'பாண்டம் மெனஸ்' நல்ல படமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. லூகாஸ் அதை இன்னும் நன்றாக எடுத்திருக்கலாம். ஆனால் சொல்லவேண்டிய இடத்தைச் சரியாகப் பிடித்திருந்தார். நாங்கள்தான் சண்டைக்காகக் காத்திருந்தோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அறுபது, எழுபது தாண்டிய பெரியவர்கள் இருந்தால் 1983ஐப் பற்றிக் கேட்காதீர்கள், அதை அவர்கள் பலதடவை சொல்லிவிட்டார்கள். 1977, 78, 79 எப்படி இருந்தது என்று கேளுங்கள். கடையில், பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில் என்ன கதைத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதைக் கீழே எழுதுங்கள். அடுத்த தவணை வகுப்பில் அவற்றைத்தான் வாசிக்கப் போகிறேன்.

மகன் படத்தை இறுதிவரை பார்த்தான். முடிந்ததும் கேட்டான்: "வாப்பா, அந்த ராணிக்கு அப்பவே ஒருத்தரும் சொல்லேல்லையா?"