'எல்லாரும் சமம்'னு டிக் போட்டால் போதுமா? மாணவர்களின் பன்முகப் புரிதலை அளப்பது எப்படி?

"வேறு பண்பாட்டைச் சேர்ந்தவர்களையும் நான் சமமாக மதிக்கிறேன்."

இந்த வாக்கியத்தை ஒரு 15 வயது மாணவரிடம் கொடுத்து, 'இது உங்களுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? பெரும்பாலும் 'முழுமையாகப் பொருந்தும்' என்றுதான் வரும். பின்ன, 'இல்ல, நான் யாரையும் மதிக்கிறதே இல்ல'ன்னு எந்தப் பையன் எழுதித் தருவான்?

கணக்கு தெரியுமா, அறிவியல் தெரியுமா என்று சோதிக்க வழி இருக்கிறது. தன்னைப் போல இல்லாத ஒருவரைப் புரிந்துகொள்ளத் தெரியுமா என்பதை எப்படிச் சோதிப்பது? உலக அளவில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதில் கிடைத்த பாடங்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் பொருந்தும்.

உலகத் தேர்வில் என்ன கேட்டார்கள்?

ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, 2000-ம் ஆண்டு முதல் 15 வயது மாணவர்களுக்கு 'பீசா' என்ற தேர்வை நடத்திவருகிறது. வாசிப்பு, கணிதம், அறிவியல் ஆகிய மூன்றும்தான் அதில் முக்கியம். 2018-ல் இவற்றோடு 'உலகளாவிய திறன்' என்ற புதிய பகுதியும் சேர்ந்தது.

உள்ளூர், உலகப் பிரச்னைகளை ஆராயத் தெரிகிறதா? அடுத்தவரின் பார்வையைப் புரிந்துகொள்ள முடிகிறதா? வேறு பண்பாட்டினருடன் மரியாதையாகப் பேசிப் பழக வருமா? பொது நலனுக்காக ஏதாவது செய்யும் மனம் இருக்கிறதா? இந்த நான்கையும்தான் அந்தப் பகுதி பார்க்க முயன்றது.

தேர்வு இரண்டு துண்டாக இருந்தது. ஒன்று, எழுத்துத் தேர்வு. அகதிகள், கடல்மட்ட உயர்வு, மொழிக் கொள்கை போன்ற ஒரு விஷயத்தைப் பற்றிப் பலர் பேசுவது போன்ற பகுதிகள் தரப்படும். யார் எதை ஆதாரத்தோடு சொல்கிறார், யார் வெறும் அபிப்பிராயம் சொல்கிறார், ஒருவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று, கேள்விப் படிவம். மேலே பார்த்தோமே, அந்த மாதிரி 'பொருந்தும், பொருந்தாது' வகை.

கேள்விப் படிவத்துக்குச் சுமார் 66 நாடுகளும் பகுதிகளும் சம்மதித்தன. எழுத்துத் தேர்வுக்கு வந்தவை 27 மட்டுமே. அமெரிக்காவும் இங்கிலாந்தும்கூட அதில் சேரவில்லை. மற்ற நாடுகளுக்குப் பன்முகத்தன்மை பற்றி நிறையவே பாடம் எடுக்கும் நாடுகள் இவை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2020 அக்டோபரில் முடிவுகள் வந்தன. எழுத்துத் தேர்வில் சிங்கப்பூர் 576 புள்ளிகளோடு முதலிடம், கனடா 554 புள்ளிகளோடு அடுத்த இடம். சராசரி 474.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நன்றாக வாசிக்கத் தெரிந்த மாணவர் இந்தத் தேர்வையும் நன்றாக எழுதிவிடுவார். அப்படியானால் அளக்கப்பட்டது வாசிப்புத் திறனா, அடுத்தவரைப் புரிந்துகொள்ளும் திறனா? இதைப் பிரித்துப் பார்க்க, மற்ற பாடங்களில் ஒரு நாடு வாங்கிய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். கணிதத்திலும் அறிவியலிலும் முன்னணியில் இருக்கும் தென் கொரியா இங்கே எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வாங்கியிருந்தது. மற்ற பாடங்களில் பின்தங்கிய கொலம்பியா எதிர்பார்த்ததைவிட அதிகம் வாங்கியிருந்தது. ஆக, இந்தத் திறன் வெறும் படிப்பு சார்ந்தது மட்டும் இல்லை.

சரி, கேள்விப் படிவத்தை நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். முதல் சிக்கல், நல்ல பேர் வாங்கும் ஆசை. இரண்டாவது, நாட்டுக்கு நாடு பதில் சொல்லும் பழக்கமே வேறு. சில ஊர்களில் எதற்கும் 'முழுமையாக' என்பார்கள், சில ஊர்களில் அடக்கி வாசிப்பார்கள். அதனால் இந்த மாதிரிப் பதில்களை வைத்து நாடுகளுக்கு ராங்க் போடுவது ஆபத்து.

மூன்றாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. அமெரிக்க ஆய்வாளர் மில்டன் பென்னட் 1986-ல் ஒரு படிநிலையை முன்வைத்தார். வேற்றுமையே கண்ணில் படாத நிலையில் தொடங்கி, 'நாங்க, அவங்க' என்று பிரித்துப் பார்ப்பது, வேற்றுமையைச் சின்ன விஷயமாக ஆக்குவது, ஏற்பது, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது என்று மனிதர்கள் படிப்படியாக நகர்கிறார்கள் என்பது அவர் கருத்து. இதன் அடிப்படையில் 50 கேள்விகள் கொண்ட ஒரு அளவீடும் பிறகு உருவானது. 'நான் இந்தப் படியில் இருக்கிறேன்' என்று ஒருவர் நினைப்பதையும், உண்மையில் அவர் நிற்கும் படியையும் அது தனித்தனியாகக் காட்டும். இரண்டுக்கும் இடைவெளி இருப்பது சகஜம், அதுவும் பெரும்பாலும் நம்மை நாமே ஒரு படி மேலே வைத்துக்கொள்கிறோம்.

அந்த நடுப்படியை நமக்கு நன்றாகத் தெரியும். "எல்லாரும் மனுஷங்கதானே, நான் சாதியெல்லாம் பார்க்கிறதே இல்ல" என்பவர் அங்கேதான் நிற்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பக்கத்து பெஞ்ச் மாணவர் சாதியின் பெயரால் தினமும் எதையெல்லாம் எதிர்கொள்கிறார் என்பது அவர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடலாம். கேள்விப் படிவத்தில் அவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

தமிழ்நாடு பீசா எழுதிய கதை

பலருக்கு மறந்திருக்கும். '2009 பிளஸ்' என்ற பீசா சுற்றில் இந்தியா சார்பில் எழுதியது தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும்தான். 2011 இறுதியில் முடிவு வந்தபோது, 70-க்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளின் பட்டியலில் இரண்டு மாநிலங்களும் கடைசி வரிசையில் இருந்தன. கேள்விகள் இந்திய மாணவர்களின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று இந்தியத் தரப்பில் வாதம் எழுந்தது. 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவில்லை. எனவே 'உலகளாவிய திறன்' பட்டியலிலும் இந்தியா இல்லை.

அந்த வாதம் தோல்விக்குச் சொன்ன சாக்கா என்று கேட்கலாம். வாசிப்பு, கணித மதிப்பெண் விஷயத்தில் ஓரளவு சாக்குதான். ஆனால் பண்பாட்டுப் புரிதலை அளக்கும் தேர்வுக்கு அதே கேள்வி ரொம்பவே முக்கியம். பீசா படிவம் அதிகம் கேட்டது வேறு நாட்டவர், குடியேறியவர்கள் பற்றித்தான். தமிழ்நாட்டு வகுப்பறையில் வேற்றுமை என்றால் முதலில் வருவது சாதி. அடுத்து மதம், மொழி, ஊர். சாதி பற்றி ஒரு கேள்வியும் கேட்காத படிவம் இங்கே எதை அளக்கும்?

மதிப்பெண் போட்டால் என்ன ஆகும்?

சிபிஎஸ்இ இதைச் செய்து பார்த்தது. 2009-ல் வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில், மாணவரின் மனப்பான்மைக்கும் விழுமியங்களுக்கும் தனி கிரேடு உண்டு. ஆசிரியர், சக மாணவர் ஆகியோரிடம் ஒரு மாணவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் அதில் அடக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் 40, 50 பேர் இருக்கும் வகுப்பில், பாடத்தையும் முடித்து, ஒவ்வொருவரின் மனப்பான்மையையும் கவனித்து கிரேடு போடுவது நடக்கிற காரியமா? 2017-ல் அந்த முறையே கைவிடப்பட்டது. இப்போது 2020 தேசியக் கல்விக் கொள்கை, மாணவர் தன்னைத் தானே மதிப்பிடுவது, சக மாணவர் மதிப்பிடுவது, ஆசிரியர் மதிப்பிடுவது என மூன்றும் சேர்ந்த முன்னேற்ற அட்டையைச் சொல்கிறது.

மதிப்பெண் இல்லாத வழி ஒன்றும் உண்டு. ஐரோப்பிய கவுன்சில் 2009-ல் வெளியிட்ட ஒரு கையேட்டில், தன்னிடமிருந்து வேறுபட்ட ஒருவரைச் சந்தித்த ஒரே ஒரு அனுபவத்தை மாணவர் எழுத வேண்டும். என்ன நடந்தது, உனக்கு என்ன தோன்றியது, எதிரில் இருந்தவருக்கு என்ன தோன்றியிருக்கும், திரும்ப நடந்தால் என்ன செய்வாய் என்று கேள்விகள் அவரைக் கூட்டிச்செல்லும். சிறு பிள்ளைகளுக்கும் தனிப் பதிப்பு இருக்கிறது.

இதை நம் ஊர் வகுப்பறைக்குக் கொண்டுவருவது கஷ்டமில்லை. உதாரணத்துக்கு, திருப்பூரில் ஒரு அரசுப் பள்ளியில் பீகார் தொழிலாளியின் மகன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மதிய உணவு நேரத்தில் தனியாகவே உட்கார்ந்திருக்கிறான். ஏன்?

"அவனுக்குத் திமிரு" என்று ஒரு மாணவர் எழுதலாம். "அவனுக்குத் தமிழ் தெரியாது" என்று இன்னொருவர் எழுதலாம். "முதல் நாள் அவன் பேசினப்ப நாங்க சிரிச்சோம். அதனாலயா இருக்கும். சரியாத் தெரியல, அவன்கிட்டதான் கேட்கணும்" என்று மூன்றாமவர் எழுதலாம். மூன்றாவது பதிலில்தான் மற்ற இரண்டிலும் இல்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: தன் பங்கை ஒப்புக்கொள்வது, தனக்குத் தெரியாது என்று சொல்வது. அமெரிக்கக் கல்லூரிகள் பயன்படுத்தும் ஒரு மதிப்பீட்டு அளவுகோலிலும் தன் பண்பாட்டைத் தானே அறிவது, அடுத்தவரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆர்வம் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வதில் இது தெரியாது. அந்தக் கட்டுரையை கைடு பார்த்தே எழுதிவிடலாம்.

அளக்க வேண்டியது யாரை?

2018 பீசா முடிவுகளில் அதிகம் பேசப்படாத ஒரு தகவல் உண்டு. தங்கள் ஆசிரியர்கள் வேறு பண்பாட்டினரைப் பாகுபாட்டோடு நடத்துவதாக உணர்ந்த மாணவர்களிடம், அதே மாதிரியான எதிர்மறை மனப்பான்மை தெரிந்தது. வகுப்பில் ஆசிரியர் என்ன பாடம் எடுக்கிறார் என்பதோடு, யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதையும் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், 12-ம் வகுப்பு படித்த பட்டியல் சமூக மாணவரும் அவரது தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் அவருடன் அதே பள்ளியில் படித்த மாணவர்களும் இருந்தார்கள். எல்லாரும் ஓரே பாடப்புத்தகத்தில் சமத்துவம் படித்தவர்கள்தான். அதன்பிறகு தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது.

சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் இருக்கக் கூடாது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை பரபரப்பாகப் பேசப்பட்டன. அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. ஆசிரியர்களை வேலைக்கு எடுக்கும்போதே, சமூக நீதி குறித்து அவர்களுடைய மனப்பான்மை என்ன என்பதைக் கண்டறிந்து, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அந்தப் பரிந்துரை.

அப்படி ஒரு தேர்வு வந்தால், அதிலும் 'பொருந்தும், பொருந்தாது' என்று டிக் போடச் சொல்வார்களா, அல்லது சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனைப் பற்றிக் கேட்பார்களா என்பதுதான் அடுத்த கேள்வி.