பருவமழைக் கணக்கும் தென் அலைவும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. 1864-இல் அந்நகரைச் சூறையாடிய புயலும், மழை பொய்த்து 1866-இல் ஒரிசாவில் வந்த பஞ்சமும் ஆங்கில அரசை அதற்குத் தள்ளின. பொறுப்பேற்ற ஹென்றி பிளான்ஃபோர்டு அடிப்படையில் நிலவியலாளர். மாகாணத்துக்கு ஒரு முறையில் நடந்துவந்த மழை, காற்றழுத்த அளவீடுகளை ஒரே சீருக்குக் கொண்டுவருவது அவருடைய முதல் வேலை. அந்த வேலை முடிவதற்குள் சென்னை மாகாணத்தில் மழை தவறியது. தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876–78 பஞ்சம் அதுதான்.

அந்த ஆண்டுகளில் இந்தியாவின் காற்றழுத்தமானிகள் வழக்கத்தைவிட உயர்ந்த அழுத்தத்தையே மாதக்கணக்கில் காட்டின. வேறெங்கும் இப்படி உண்டா என்று பிளான்ஃபோர்டு பிற நாட்டு ஆய்வகங்களிடம் அளவீடுகளைக் கேட்டு வாங்கினார். மொரீஷியஸ், ஆஸ்திரேலியா, சைபீரியா என்று பரந்த பரப்பில் அதே உயர்வு தெரிந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் வானிலைப் பொறுப்பாளர் சார்லஸ் டாட், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் வறள்கின்றன என்று 1888-இல் சுட்டிக்காட்டினார். வானிலைக்கு எல்லைக்கோடு இல்லை என்பது இரு அலுவலகங்களின் பதிவேடுகளிலேயே எழுதியிருந்தது.

இமயமலைப் பனி அதிகமானால் மழை குறையும் என்ற எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டு, 1886-இல் பிளான்ஃபோர்டு முதல் அதிகாரபூர்வப் பருவமழைக் கணிப்பை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் 1899-இல் நல்ல மழை என்று சொல்ல, வந்ததோ கொடும் வறட்சி.

1904-இல் பொறுப்புக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜ் கணித மேதை. வானிலையில் முன்பழக்கம் இல்லாதவர். 1913-இல் சென்னை வந்தபோது, துறைமுக அலுவலக எழுத்தரான ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தவரும் இவரே; மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அதையடுத்து வந்தது. பருவமழை ஏன் தவறுகிறது என்று விளக்க முயல்வதைவிட, எதோடு சேர்ந்து தவறுகிறது என்று எண்ணிப் பார்ப்பது வாக்கரின் வழி. இமயமலைப் பனி, மொரீஷியஸ் காற்றழுத்தம், தென் அமெரிக்கக் காற்றழுத்தம், சான்சிபார் மழை ஆகிய நான்கையும் கொண்டு ஒரு சூத்திரம் அமைத்தார். கணினி இல்லாத காலம். உலகெங்குமிருந்து வந்த எண்களை இந்திய எழுத்தர்கள் கையால் கூட்டிப் பெருக்கினார்கள். அந்த உழைப்பிலிருந்துதான், பசிபிக் கடலில் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடலில் இறங்கும், இங்கே ஏறும்போது அங்கே இறங்கும் என்ற ஏற்றப்பலகை போன்ற ஒழுங்கு வெளிப்பட்டது. அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டு, 1924-இல் வாக்கர் ஓய்வு பெற்றார்.

பருவமழையைக் கணிப்பதில் அவருடைய சூத்திரங்கள் நெடுங்காலம் நிற்கவில்லை. கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை, கேளாத பெரிய கேள்விக்கு வந்தது எனலாம். அதற்கும் மதிப்புக் கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெரு நாட்டுக் கடற்கரையில் நீர் சூடேறும் எல் நினோவும் தென் அலைவும் ஒரே நிகழ்வின் கடல் பக்கமும் காற்றுப் பக்கமும் என்பதை 1960-களில் வானிலை ஆய்வாளர் யாக்கப் பியர்க்னெஸ் காட்டினார். பசிபிக்கின் அந்தக் காற்றுச் சுழற்சிக்கு வாக்கரின் பெயரையே வைத்தார்.

பிற நாட்டு எண்களைக் கேட்டு வாங்கிய துறை, பின்னாளில் பிற நாடுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் இடத்துக்கு வந்தது. உலக வானிலை அமைப்பின் ஏற்பாட்டில், வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கான மண்டல மையம் புதுதில்லியில் இயங்குகிறது. இலங்கை, வங்கதேசம், மியான்மர், ஓமன் உள்ளிட்ட நாடுகள் அதன் அறிவிப்புகளைப் பெறுகின்றன. 2004 முதல் இப்பகுதிப் புயல்களுக்குப் பெயர் சூட்டப்படுகிறது. 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்த பட்டியல் 2020-இல் வெளியானது. இந்தியா கொடுத்தவற்றில் முரசு, நீர் என்ற இரண்டும் தமிழ்ப் பெயர்கள்.