இரு நகரங்கள் (அகுஸ்தீன்)

இரு நகரங்கள் என்பது கடவுளின் ஆட்சிக்கும் அதனை எதிர்க்கும் மனப்போக்கிற்கும் இடையே மனித வரலாறு முழுவதும் நிகழும் போராட்டத்தை விளக்கப் புனித அகுஸ்தீன் (கி.பி. 354 - 430) முன்வைத்த கிறித்தவ இறையியல் கருத்தாகும். வட ஆப்பிரிக்காவிலுள்ள ஹிப்போ நகரின் ஆயராக இருந்த இவர், "கடவுளின் நகரம்" என்னும் இலத்தீன் நூலில் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

பின்னணி

கி.பி. 410 ஆகஸ்டில் அலாரிக் தலைமையிலான விசிகோத்துகள் உரோமை நகரைச் சூறையாடினர். பழைய தெய்வங்களின் வழிபாட்டைக் கைவிட்டதே இவ்வழிவுக்குக் காரணம் எனக் கிறித்தவர்கள் மீது குற்றம் சுமத்தப்பட்டது. பேரரசு கிறித்தவத்தைத் தழுவியதைக் கடவுளாட்சியின் வெற்றியாகக் கருதிய கிறித்தவர்களும் கலக்கமுற்றனர். இதற்கு விடையாக அகுஸ்தீன் 413 அளவில் நூலைத் தொடங்கி, 426 அளவில் நிறைவு செய்தார்.

நூலின் அமைப்பு

இந்நூல் 22 பாகங்களைக் கொண்டது.

- பாகங்கள் 1 - 10: உரோமைச் சமயத்தினரின் குற்றச்சாட்டுகளுக்கு மறுப்பு
- பாகங்கள் 11 - 14: இரு நகரங்களின் தோற்றம்
- பாகங்கள் 15 - 18: அவற்றின் வளர்ச்சி
- பாகங்கள் 19 - 22: அவற்றின் முடிவு

இரு அன்புகள்

இங்கு நகரம் என்பது நிலப்பரப்பையோ அரசையோ குறிப்பதன்று. ஒரே பொருளின் மீது அன்பு கொண்டோரின் கூட்டத்தைக் குறிக்கிறது. கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக அன்பு செய்வோர் கடவுளின் நகரத்தினர். தம்மையே முதன்மையாக்கிக் கடவுளைப் புறக்கணிப்போர் மண்ணக நகரத்தினர். விவிலியம் கூறும் எருசலேமும் பாபிலோனும் இவற்றின் அடையாளங்களாகும். தம்பி ஆபேலைக் கொன்ற காயின் ஒரு நகரை நிறுவினான் என்னும் தொடக்க நூல் செய்தியை, ரோமுலுசு தன் உடன்பிறப்பான ரேமுசைக் கொன்று உரோமையை நிறுவிய கதையுடன் அகுஸ்தீன் ஒப்பிடுகிறார்.

தீமையின் இயல்பு

அகுஸ்தீன் இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானி சமயத்தைப் பின்பற்றியவர். ஒளி, இருள் என்னும் இரு ஆதி ஆற்றல்கள் தம்முள் போரிடுகின்றன என்பது அச்சமயத்தின் கொள்கை. பின்னர் அவர் இதனை மறுத்தார். தீமை தனித்த ஒரு பொருளன்று, நன்மையின் குறைபாடே என்றார். அலகையும் நல்ல வானதூதராகவே படைக்கப்பட்டுச் செருக்கினால் வீழ்ந்தது. எனவே இப்போராட்டம் சம வலிமையுள்ள இருவருக்கிடையே நிகழும் போர் அன்று; படைக்கப்பட்டவரின் விருப்பம் தன்னைப் படைத்தவரிடமிருந்து விலகுவதே அதன் வேர்.

கலந்திருக்கும் நகரங்கள்

இறுதித் தீர்ப்பு நாள் வரை இவ்விரு நகரங்களும் பிரித்தறிய இயலாதவாறு கலந்தே இருக்கும் என்பது இக்கருத்தின் மிக முக்கியமான கூறாகும். திருச்சபையில் அருட்சாதனங்களைப் பெறுவோருள் மண்ணக நகரத்தினர் இருக்கலாம். இன்று அதனைப் பகைப்போருள் நாளைய உறுப்பினர் மறைந்திருக்கலாம். கோதுமையும் களைகளும் அறுவடை வரை சேர்ந்து வளரும் என்னும் இயேசுவின் உவமை (மத்தேயு 13) இதற்கு அடிப்படையாகும். தூயோர் மட்டுமே கொண்ட திருச்சபையை வலியுறுத்திய டொனாட்டியருக்கு எதிராகவும் அகுஸ்தீன் இவ்வுவமையைப் பயன்படுத்தினார்.

இதன்படி எந்த ஒரு நாட்டையோ இனத்தையோ கடவுளாட்சியின் பகைவர் என மனிதர் முடிவாகத் தீர்ப்பிட இயலாது. எந்தப் பேரரசும் கடவுளின் நகரம் ஆகிவிடாது. நீதியற்ற அரசுகள் பெரிய கொள்ளைக் கூட்டங்களுக்கு ஒப்பானவை என்றும் நான்காம் பாகத்தில் அவர் குறிப்பிடுகிறார். ஆயினும் மண்ணக அமைதி இரு நகரத்தினருக்கும் தேவையானது. அதனைக் காக்கும் சட்டங்களுக்கு, கடவுள் வழிபாட்டிற்குத் தடையாக இல்லாதவரை, கிறித்தவர்கள் கீழ்ப்படிய வேண்டும் என்பது 19ஆம் பாகத்தின் கருத்தாகும்.

தாக்கமும் விமர்சனமும்

நடுக்காலத்தில் பலர் கடவுளின் நகரத்தைத் திருச்சபையின் நிறுவன அமைப்புடன் ஒன்றாக்கி, அரசர்கள் மீது திருத்தந்தைக்குரிய அதிகாரத்திற்கு ஆதாரமாக அதனைக் காட்டினர். 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் வகுத்த இரு ஆட்சிகள் கோட்பாட்டிலும் அகுஸ்தீனின் தாக்கம் காணப்படுகிறது.

டொனாட்டியரை அரச ஆணையால் திருச்சபைக்குள் திரும்பச் செய்வதை அகுஸ்தீன் ஆதரித்தது விமர்சனத்துக்கு உள்ளானது. அறுவடை வரை பொறுத்திருக்க வேண்டும் என்னும் அவரது போதனைக்கு இது முரணானது எனச் சுட்டிக்காட்டப்படுகிறது. எனினும் அவர் மரண தண்டனையை எதிர்த்து அதிகாரிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். வண்டல்கள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது, 430 ஆகஸ்ட் 28 அன்று அகுஸ்தீன் காலமானார்.