தட்டிலிருந்து குடற்சுவர் வரை: பழவேற்காட்டுக் கரையில் நின்று பார்க்கும் உணவாய்வு வரலாறு

சென்னை–கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே அனுப்பம்பட்டு. அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி, அதைச் சுற்றி மீனவக் குப்பங்கள். சோறும் மீன்குழம்பும்தான் இப்பகுதியின் அடிப்படைச் சாப்பாடு. சென்ற நூற்றாண்டின் உணவாய்வு இத்தகைய சாப்பாட்டை இரண்டு விதமாக அணுகியது: தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டது, அதில் எவ்வளவைக் குடல் உள்ளே விடுகிறது என்றும் கேட்டது. இரண்டாவது கேள்வி பிந்தித் தோன்றியது என்பது பொதுவான எண்ணம். ஆனால் குடல் முதலிலேயே ஆய்வாளர் கண்ணில் பட்டது. நடுவில்தான் விட்டுப்போயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். சத்துக்குறைந்த உணவு கொடுத்த குரங்குகளுக்கு வயிற்றுப்போக்கும் பெருங்குடல் அழற்சியும் வந்தன. தொற்றுக்குக் கதவைத் திறந்துவிடுவது பலவீனப்பட்ட குடலே என்ற கருத்தை 1921இல் வெளிவந்த தம் நூலில் அவர் வலியுறுத்தினார். பின்னர் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்துச் சோற்றுணவைத் தின்றவை கடைசியில் நின்றன. எலிக்கூண்டில் வைத்த சோற்றைக் கொண்டு ஒரு மாகாணத்தையே எடைபோட்டது கொஞ்சம் அதிகம்தான்.

1935இல் குன்னூர் ஆய்வகப் பொறுப்பேற்ற அய்க்ராய்டு வேறு வழியில் போனார். உணவுப் பொருட்களின் சத்து அளவுகளைத் தொகுத்து 1937இல் அவர் வெளியிட்ட சிறுநூலின் வழியில்தான் பிற்கால இந்திய உணவு அட்டவணைகள் வந்தன. அரிசி ஆய்வு அக்காலத்தின் பெரிய சாதனை. ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரத்து வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் உண்ட தமிழ்ப் பகுதியில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள, பெரிபெரியைத் தடுக்கும் தயமின் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பிறகு உமி நீக்கித் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். ஆந்திரமும் தமிழகமும் பங்கிட்டுக்கொள்ளும் பழவேற்காடு ஏரிக்கு இந்த வேறுபாடு தொலைதூரச் செய்தியல்ல.

அட்டவணைக் கண்ணோடு பார்த்தால் ஏரிக்கரைச் சாப்பாட்டில் பெரிய குறை தெரியாது. புழுங்கல் சோறு, முள்ளோடு தின்னும் நெத்திலியில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும். விலைபோகும் இறாலும் நண்டும் வியாபாரிகளிடம் போய்விடுவதால் வீட்டுச் சட்டியில் விழுவது பெரும்பாலும் பொடிமீன்தான். சத்தில் அது எவ்விதத்திலும் குறைந்ததல்ல. குன்னூர் ஆய்வகம் 1958இல் ஹைதராபாத் போனபோது அட்டவணைகளும் உடன் போயின. குடல் பேச்சு அதற்குள் ஓரத்துக்குப் போய்விட்டிருந்தது.

அதை மீட்டது வேலூர். அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ளச் செரிமானத்திலிருந்து தொடங்கவேண்டும். வாயில் எச்சிலும், இரைப்பையில் அமிலமும், முன்சிறுகுடலில் கணையநீரும் பித்தமும் உணவைச் சிறு மூலக்கூறுகளாக உடைக்கின்றன. இரத்தத்தில் சேர்ப்பது சிறுகுடற் சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள். டென்னிஸ் மைதானம் அளவு பரப்பு என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து, ஏறத்தாழ 30 சதுர மீட்டர்தான் என்றனர். அதுவும் எல்லோரிடமும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ நோய் கொள்ளைநோயாகப் பரவியது: ஓயாத பேதி, உடல் மெலிவு, இரத்தசோகை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் இதை ஆராய்ந்தனர். 1957இல் வந்த கிராஸ்பி குளிகையை நோயாளி விழுங்கினால், சிறுகுடற் சுவரின் துளித் திசுவை அது வெட்டியெடுத்து வரும்.

நோயில்லாத தென்னிந்தியரிடமும் உறிஞ்சிகள் குட்டையாக, இலைபோல் அகன்று காணப்பட்டதே பெரிய வியப்பு. இது இனக்கூறு என்று ஒதுக்க வழியிருந்தது. ஆனால் பாகிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்கத் தொண்டர்களின் குடலும் அவ்வாறே மாறியதையும், ஊர் திரும்பியபின் தேறியதையும் ஆய்வாளர் லிண்டன்பாமின் குழு காட்டியது. ஆகவே காரணம் சுற்றுப்புறம்: மலக்கிருமி கலந்த நீரும் மண்ணும் விடாமல் உரசும் குடல். சேதமுற்ற குடலிலும் உப்பும் குளுக்கோசும் சேர்ந்து நுழையும் வழி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. உப்பு–சர்க்கரைக் கரைசல் காலராவிலிருந்து உயிர்காப்பது அதனால்தான். உப்புப் போட்ட கஞ்சியும் அவ்வாறே: மாவுச்சத்து குடலில் குளுக்கோசாக உடைந்து உப்பையும் நீரையும் இழுத்துச் செல்லும்.

கதை இங்கே நேராக முடியவில்லை. சுற்றுப்புறம் தூய்மையானால் குடல் தேறிக் குழந்தைகள் வளர்வார்களா என்று வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் பார்த்த பெரிய சோதனைகளின் முடிவுகள் 2018, 2019இல் வந்தன. கழிப்பறை கட்டித் தந்தும், குடிநீரில் குளோரின் கலந்தும், கைகழுவப் பழக்கியும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. கூடுதல் உணவுதான் சிறிது உயர்த்தியது. குடல் வாதம் தோற்றது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. செய்த மாற்றம் போதாது, தூய நீர் தாராளமாக வீட்டுக்குள்ளேயே வரவேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. பழவேற்காட்டுப் பக்கம் அந்தக் கேள்வி நிலத்தடிக்குப் போகிறது. சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் மீஞ்சூர் பகுதியில் இறைத்த நீருக்கு ஈடாகக் கடல்நீர் உட்புகுந்தது 1960களின் இறுதியிலேயே பதிவாயிற்று. பிறகு அது பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.